சான் கொர்னேலியோ மலையின் உயரம்

சான் கொர்னேலியோவில் ஒரு மலை இருக்கிற சங்கதி ஊர்க்காரர்களுக்குக் கைப்பேசியைப் பார்த்துத்தான் தெரியவந்தது. அதுவரைக்கும், பாவம், சதுப்பு நிலத்தில் வாழ்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். வருஷத்தில் பாதி நாள் தெருவில் சேறு, மீதி நாள் தண்ணீர். தேவாலய மணிக்கூண்டை விட்டால் அண்ணாந்து பார்க்க அந்த ஊரில் வேறெதுவும் கிடையாது. சைக்கிளில் போகிறவன் மிதிக்காமல் இறங்க ஒரு சரிவுகூட இல்லை. அப்படிப்பட்ட ஊருக்கு அரசாங்கம் சும்மா ஒரு மலையைக் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

கொடுத்தது நிலவுயர நீர்வழி ஆணையம். நாட்டின் மேடு பள்ளம், ஆறு, ஓடை, குட்டை எல்லாவற்றையும் விமானத்திலிருந்து ஒளிக்கற்றை பாய்ச்சி அளந்து, இணையத்தில் ஒரு வரைபடமாகப் போட்டிருந்தது. வெள்ளம் வரும் இடம் நீலம், வந்தாலும் வரலாம் என்றால் மஞ்சள், வரவே வராது என்றால் பச்சை. எந்த இடத்தை விரலால் தொட்டாலும் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எண் வரும். சான் கொர்னேலியோ முழுக்க நீலம். தென்கோடியில் கொரோசோ தெருவை ஒட்டிய மாட்டு மேய்ச்சல் வெளியில் மட்டும் வட்டமாக ஒரு பச்சை. அதன் உயர்ந்த இடத்தைத் தொட்டால் 34.17 என்று வந்தது. மற்ற இடமெல்லாம் இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

அந்த வட்டம் என்ன என்று கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. ஜனவரி மாதம் புனிதர் கொர்னேலியோ திருவிழாவுக்கு அந்த வெளியில்தான் காளைப் பரண் எழும்பும். மரக்கம்பங்களை வட்டமாக நட்டு, கயிற்றால் கட்டி, மூன்று தட்டுப் பரண் போட்டு, மேலே தகரம் வேய்ந்து, ஊரும் அக்கம்பக்கமும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நடுவில் காளைகளை அவிழ்த்துவிடுவார்கள். குடித்தவனும் குடிக்காதவனும் உள்ளே குதிப்பான். நாலாம் நாள் திருவிழா முடிந்ததும் மரத்தைப் பிரித்து வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். ஆணையத்தின் விமானம் மேகமில்லாத நாளாகப் பார்த்துப் பறக்கும். மேகமில்லாத நாள் அங்கே ஜனவரியில்தான். அவ்வளவுதான் விஷயம்.

முதல் வாரம் ஊரே சிரித்தது. லாட்டரிச் சீட்டு விற்கும் நெஃப்தாலிக்கு அந்த வாரம் நல்ல வியாபாரம். அங்கே நாலு இலக்கச் சீட்டுக்கு ஜனங்கள் எதையும் விடமாட்டார்கள். செத்தவன் கல்லறை எண், மோதிய லாரியின் எண், கனவில் வந்த எண், எல்லாவற்றுக்கும் பணம் கட்டுவார்கள். மலை உயரத்தை விடுவார்களா? எல்லாரும் 3417 கேட்டார்கள். வெள்ளிக்கிழமை குலுக்கலில் 7143 விழுந்தது. மலையைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள் என்று பேசிக்கொண்டு பாதிரியார் உட்பட எல்லாரும் சீட்டைக் கிழித்துப் போட்டார்கள்.

சிரிக்காத ஒரே ஆள் நெஃப்தாலியின் அண்ணன் ஃபெர்மீன். இருபத்திரண்டு வயதில் அதே காளைப் பரணுக்குள் குதித்து, இடுப்பில் கொம்பு வாங்கி, அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உயிரில்லாமல் கிடப்பவன். கொரோசோ தெரு வீட்டில் அண்ணனும் தம்பியும் மட்டும்தான். ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் ஒரு வார்த்தை சீண்டாமல் விடமாட்டான். அவனுக்கு உடம்பில் வேலை செய்த உறுப்பு வாய் ஒன்றுதான் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"டேய் நெஃப்தாலி, அந்தப் பச்சை நம்ம வீட்டு மேலயும் விழுதா?"

"ஆமாண்ணே. நாம மலையடிவாரமாம்."

"அப்ப போச்சு."

"என்ன போச்சு?"

"உடைப்ப அடைக்க மாட்டானுங்கடா. மலையடிவாரத்துல இருக்கறவனுக்கு எதுக்குக் கரை?"

நெஃப்தாலிக்குச் சிரிப்பு அடங்கிப்போயிற்று. போன மழைக்காலத்தில் பக்ரே வாய் என்ற இடத்தில் ஆற்றங்கரை உடைந்து கொரோசோ தெருவுக்குள் ஆறு வந்தது. ஃபெர்மீனை வீட்டுக்குள்ளேயே பலகை அடித்து உயர்த்திய மேடையில் கோழிகளோடு கிடத்த வேண்டியிருந்தது. தண்ணீர் வடிய மூன்று வாரம் ஆனது. உடைப்பில் மணல் மூட்டை போட்டிருந்தார்கள். அடுத்த மழைக்கு முன் நிரந்தரமாக அடைத்துத் தருவதாக ஆணையம் வாக்குக் கொடுத்திருந்தது. மூட்டைகள் இப்போதே மக்கிப்போய் மண்ணைக் கக்கிக்கொண்டிருந்தன. இன்னொரு தரம் உடைந்தால் மெதுவாக வராது என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

மலையை எடுத்துவிடச் சொல்லலாம் என்று நெஃப்தாலி தலைநகருக்குப் பேருந்து ஏறினான்.

ஆணையத்தின் கட்டடம் கண்ணாடியால் ஆனது. உள்ளே நுழைந்ததும் ஒரு கூடத்தில் எல்லாரையும் நிற்க வைத்தார்கள். சுவர் அளவு திரையில் நாட்டின் வரைபடம் இசையோடு மெல்லச் சுழன்றது. மலைகள் எழும்பின, ஆறுகள் ஓடின. ஒரு முழுச் சுற்று முடியும்வரை யாரும் நகரக் கூடாதாம். பக்கத்தில் நின்றிருந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். நெஃப்தாலிக்குத் தொப்பி இல்லை. கையை மட்டும் வைத்துக்கொண்டான்.

வரவேற்பில் இருந்த மிலாதிஸ் என்ற பெண் நகத்துக்குச் சாயம் காயவைத்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க இருந்து வர்றீங்க?"

"சான் கொர்னேலியோங்க. கொரோசோ தெரு."

"ஊர்ப் பேர் எல்லாம் இங்க எடுக்காது. அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லுங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதே தாயி."

"நீங்க எங்க இருக்கீங்கன்னே உங்களுக்குத் தெரியாதா? எதாவது நம்பர் வச்சிருப்பீங்களே, பாருங்க."

அவனிடம் இருந்த எண்களெல்லாம் லாட்டரி எண்கள்தான். விற்காத சீட்டு இரண்டை எடுத்துப் படித்தான். அவள் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "நீங்க நடுக்கடல்ல குடியிருக்கீங்க. மீன்வளத் துறை எதிர்த்த கட்டடம்."

அந்தப் பக்கம் கோப்பு தூக்கிக்கொண்டு போன ஒரு குமாஸ்தா பரிதாபப்பட்டு எண்களைச் சரியாகப் போட்டுக் கொடுத்தான். திரையில் பச்சை வட்டம் வந்ததும் மிலாதிஸ் எழுந்து நின்றுவிட்டாள். "ஐயோ, மலைக்காரரா நீங்க? முதல்லயே சொல்லக் கூடாதா?" அடுத்த நிமிஷம் அவனை நான்காம் மாடிக்கு அனுப்பிவைத்தார்கள்.

நான்காம் மாடியில் இருந்தவர் டாக்டர் பெராஸ்தேகி. வைத்தியத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. கழுத்துப் பட்டை கட்டியவர் எவரானாலும் அந்தப் பக்கத்தில் டாக்டர்தான். அவர் முதுகுக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்தது சான் கொர்னேலியோ மலையின் வண்ணப் படம். ஆண்டறிக்கையின் அட்டையிலும் அதுவே. அவர் எழுந்து வந்து நெஃப்தாலியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி, காப்பி வரவழைத்தார்.

"எங்க ஊர்ல மலை இல்லைங்க டாக்டர்" என்றான் நெஃப்தாலி.

டாக்டர் கையை விட்டுவிட்டார். "இல்லையா? எப்ப இருந்து இல்ல?"

"எப்பவுமே இல்லைங்க."

"எப்பவுமே இல்லாத ஒண்ணு படத்துல எப்படிங்க வரும்? யோசிச்சுப் பேசுங்க."

"அது காளைப் பரணுங்க. ஜனவரில கட்டுவோம், பிரிச்சுருவோம். உங்க பிளேன் வந்தப்ப அது நின்னுட்டிருந்துச்சு."

டாக்டர் பெராஸ்தேகி நாற்காலியில் சாய்ந்து, குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "இதப் பாருங்க. எங்க மென்பொருள் மனுஷன் கட்டினதை எல்லாம் சுரண்டி எடுத்துரும். வீடு, மரம், மின்கம்பம், எல்லாம் போயிரும். அது எதை எடுக்கலையோ, அது கடவுள் கட்டினது. உங்க ஊர் தேவாலயத்தை எடுத்துருச்சு, தெரியுமா? மலையை எடுக்கல. இதுல இருந்து என்ன தெரியுது?"

"தேவாலயத்தை விட எங்க பரண் பெருசுன்னு தெரியுதுங்க."

"நம்பிக்கையில்லாத ஜனங்க" என்று டாக்டர் வருத்தப்பட்டார். "நான் சர்வீசுக்கு வந்து இத்தனை வருஷத்துல ஒரு வெள்ளத்தைக்கூடக் கண்ணால பார்த்ததில்ல. அவ்வளவு துல்லியமா வேலை பார்க்கிறோம். நீங்க என்னடான்னா பார்த்தேன், பார்த்தேன்னு சொல்லிட்டு வர்றீங்க. பார்க்கிறதெல்லாம் ஆதாரமா?"

"உடைப்பை மட்டும் அடைச்சுக் குடுத்துருங்க டாக்டர். மலை இருந்துட்டுப் போகட்டும். என் அண்ணன் நடக்க மாட்டாரு. தண்ணி வந்தா அவரை எங்க தூக்கிட்டுப் போவேன்?"

"அதுக்கு உத்தரவு போட்டிருந்தோம். படம் வந்ததும் ரத்து பண்ண வேண்டியதாப் போச்சு. மலையடிவாரத்துக்குக் கரை கட்டினா தணிக்கையில என் தலை உருளும். உங்க அண்ணனுக்கு என்ன கவலை? வாசலைத் திறந்தா மலை."

அந்தக் காப்பியைக் குடித்து முடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நெஃப்தாலி உட்கார்ந்திருந்தான். கடைசியில் டாக்டரே இரங்கி, திருத்த மனு ஒன்று போடலாம் என்றார். கீழே மிலாதிஸின் கணினியில் மூன்று வகை மனுதான் இருந்தன. மலை சேர்த்தல், மலையின் பெயர் மாற்றம், மலை அகற்றல். வேறு வழியில்லாமல் நெஃப்தாலி மூன்றாவதைக் காட்டினான். "அகற்றினவர் பேரு?" என்று கேட்டாள். அவள் கேட்டது மனுதாரர் பெயரைத்தான் என்று நினைத்து அவன் தன் பெயரைச் சொன்னான்.

இரண்டு மாதம் கழித்துச் சுரங்கத் துறையிலிருந்து ஒரு சார்ஜென்ட் கொரோசோ தெருவுக்கு வந்தார். அனுமதியில்லாமல் ஒரு மலையை வெட்டிக் கடத்தியதாக நெஃப்தாலி மேல் புகார். எத்தனை லாரி மண் என்று கணக்குப் போட்டே கொண்டுவந்திருந்தார். லாரி ஓட்டத் தெரியாத, சைக்கிளுக்கே பஞ்சர் போடக் காசில்லாத நெஃப்தாலி, தான் மலை எதையும் எடுக்கவில்லை என்றான்.

"அப்ப மலை இருக்குன்னு ஒத்துக்கறியா?"

"இல்லைங்க. மலை இல்ல."

"இல்லேன்னா எங்கய்யா போச்சு? அதைத்தான் நானும் கேக்கறேன்."

சார்ஜென்ட் கொல்லையைப் பார்த்தார், கோழிக்கூண்டைப் பார்த்தார், கடமைக்குக் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"நல்லாப் பாருங்க சார்ஜென்ட்" என்றான் ஃபெர்மீன் மேலே படுத்தபடி. "ஒரு பானை இருக்கும். மலை உருகினதெல்லாம் அதுலதான் இருக்கு. வேணும்னா சோதனைக்குத் தூக்கிட்டுப் போங்க, காலைல இருந்து நிறைஞ்சு கிடக்கு."

சார்ஜென்ட் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய மாமியார் வீடும் நீலத்தில்தான் இருந்தது. "தம்பி, ரெண்டுல ஒண்ணைச் சொல்லு" என்று காதோரம் சொன்னார். "மலை இருக்குன்னா உனக்குக் கரை கிடையாது. இல்லேன்னா உனக்கு ஜெயில். நேரடி ஆய்வு கேளு. அவங்க வந்து பார்த்துட்டா பிரச்சினை முடிஞ்சுது."

நேரடி ஆய்வுக்கு ஆணையம் உடனே ஒப்புக்கொண்டது. தேதி மட்டும் ஜனவரி இருபது. நெஃப்தாலி பதறிப்போய் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"டாக்டர், ஜனவரி வேண்டாங்க. அப்ப திருவிழா, பரண் நிக்கும். முன்னாடியே வாங்க. நவம்பர்ல வாங்க."

"நவம்பர்ல எப்படி வர்றது? உங்க ஊர் ரோடெல்லாம் தண்ணில கிடக்குமே."

"அதைத்தாங்க டாக்டர் நான் சொல்றேன்."

"பேச்சை மாத்தாதீங்க" என்று டாக்டர் வைத்துவிட்டார்.

ஜனவரி இருபதாம் தேதி மூன்று வெள்ளைக் கார்களில் ஆணையம் வந்து இறங்கியது. காளைப் பரண் தன் முழு வட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. மூன்று தட்டும் ஜனம், ரம், வாத்தியம். டாக்டர் பெராஸ்தேகி அண்ணாந்து பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "இவ்வளவு அழகா இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல" என்றார்.

நெஃப்தாலி குறுக்கே போய் நின்று ஒரு கம்பத்தைத் தட்டிக் காட்டினான். "மரங்க டாக்டர். தட்டிப் பாருங்க. திங்கக்கிழமை பிரிச்சுருவோம்."

"குறிச்சுக்கோங்க" என்று டாக்டர் உதவியாளரைப் பார்த்துச் சொன்னார். "மலை மரங்கள் அடர்ந்தது."

"டாக்டர், அடியில பாருங்க, ஆள் நடந்து போறான். மலைக்கு அடியில ஆள் போவானா?"

"குகைகளும் உண்டு."

மேல் தட்டின் தகரத்துக்கு ஏணி வைத்து ஏறிக் கருவியை நிறுத்தினார்கள். 34.17. ஒரு சென்டிமீட்டர் பிசகவில்லை. ஆணையத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். திருவிழாக் குழு, வந்தவர் பெரிய மனிதர் என்று ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுத்தது.

"சான் கொர்னேலியோ மக்களே, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த இடம் இல்லை என்று உங்களிலேயே ஒருவர் மனுப் போட்டார்" என்று டாக்டர் முழங்கினார். "எங்களை நீங்கள் நம்ப வேண்டாம். உங்கள் பிட்டத்தை நம்புங்கள். அது காற்றிலா இருக்கிறது? இனி வெள்ளம் வந்தால் நீங்கள் மட்டுமல்ல, அக்கம்பக்கத்து ஊர்களும் இங்கேதான் வந்து சேர வேண்டும். வரைபடம் உங்களைக் கைவிடாது."

அந்த நேரம் பார்த்து ஒரு கறுப்புக் காளை உள்ளே பாய்ந்தது. மொத்தப் பரணும் எழுந்து ஆரவாரித்தது. அந்தக் கைதட்டல் தனக்கு என்று டாக்டர் பெராஸ்தேகி கையசைத்து ஏற்றுக்கொண்டார்.

திங்கட்கிழமை மரத்தைப் பிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை ஆணையத்தின் பலகைகள் வந்து சேர்ந்தன. தெருமுனைகளில் எல்லாம் பச்சை அம்பு போட்டு, "மலைக்கு வழி". அம்புகள் காட்டிய இடத்தில் பசுக்கள் மேய்ந்தன. பக்ரே வாயில் மூட்டைகளைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு ஆற்று நீர் கசிந்துகொண்டிருந்தது. நெஃப்தாலி தெரு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் புதிய மூட்டை அடுக்கினான். மலைப் பகுதியில் அனுமதியின்றி மண் எடுத்ததாக இன்னொரு கடிதம் வந்தது.

"விட்டுருடா" என்றான் ஃபெர்மீன். "உன்னை உள்ள தூக்கிப் போட்டுட்டா எனக்கு யாரு மரவள்ளி வேகவச்சுத் தருவா? சார்ஜென்ட்டா வருவாரு?"

"தண்ணி வந்தா என்னண்ணே பண்றது?"

"போன தரம் என்ன பண்ணினோம்? மேடை போடு. இந்தத் தரம் கோழிய மட்டும் என் கால்மாட்டுல கட்டாத. கால் போனாலும் மூக்கு இருக்கு."

நெஃப்தாலி மேடையைப் போன தரத்தை விட ஒரு முழம் உயர்த்தி அடித்தான்.

மே மாதம் ஒரு காலை வேளையில், ஜனங்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது கரை போயிற்று. மூட்டைகள் இருந்த இடம் மட்டுமில்லை, இரண்டு பக்கமும் பிய்த்துக்கொண்டு போனது. எல்லார் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியது. "நீலப் பகுதி மக்கள் மலைக்குச் செல்லவும். பச்சைப் பகுதி மக்கள் வீட்டிலேயே இருந்து வழிவிடவும்." அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அம்பைப் பார்த்து, பாய்ச்சுருளும் பன்றியும் பிள்ளைகளுமாக மேய்ச்சல் வெளிக்கு வந்து சேர்ந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு மலை எங்கே என்று கேட்டார்கள். கொரோசோ தெருவில் அதற்குள் மார்பளவு.

நெஃப்தாலி அண்ணனைத் தூக்கி மேடையில் கிடத்தினான். தண்ணீர் நின்று ஏறவில்லை, இழுத்துக்கொண்டு ஓடியது. வீட்டுச் சுவர் களிமண். அது நிற்காது என்று இருவருக்கும் தெரிந்தது.

"படகு பார்த்துட்டு வா. நான் எங்கயும் ஓடிற மாட்டேன்" என்றான் ஃபெர்மீன். அண்ணன் பேச்சில் நெஃப்தாலி முதன்முதலாகப் பயத்தைக் கேட்டான்.

ஊரில் இருந்த படகையெல்லாம் மீட்புப் பணிக்கென்று ஆணையம் வாடகைக்கு எடுத்திருந்தது. பக்கத்து வீட்டு ஓவீதியோவின் படகும் அதில் ஒன்று. தெருமுனையில் நெஃப்தாலி அதைக் கண்டான். ஓவீதியோ மோட்டாரைப் பிடித்திருந்தான், முன்னால் ஆணையத்து அதிகாரி ஒருவன் பச்சை மேலங்கியும் கையில் திரையுமாக உட்கார்ந்திருந்தான். படகு தெருவுக்குள் நுழையாமல் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

"உள்ள வாங்க, அண்ணன் மேடையில கிடக்காரு" என்று நெஃப்தாலி படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டான்.

"இதுக்கு மேல வர முடியாதுங்க" என்றான் அதிகாரி. திரையைத் திருப்பிக் காட்டினான். அவர்களுடைய படகு ஒரு சிறு புள்ளியாக, பச்சையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. "இங்க இருந்து நிலம். நிலத்துல படகு ஓட்டினா காப்பீடு கிடையாது. உங்க அண்ணனை இதுவரைக்கும் நடந்து வரச் சொல்லுங்க."

"அவரு நடக்க மாட்டாருய்யா."

"அப்ப நீங்க தூக்கிட்டு வாங்க. இறக்கம்தானே?"

நெஃப்தாலியின் தாடை வரை தண்ணீர் இருந்தது. அந்த அதிகாரியும் கல்நெஞ்சன் இல்லை. டாக்டர் பெராஸ்தேகியைக் கூப்பிட்டு அனுமதி கேட்டான். தண்ணீர் எந்த உயரம் என்று டாக்டர் கேட்டார். ஆள் முழுகுகிற அளவு என்றான் இவன். கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு என்று சொல் என்றார் அவர். இவன் திரையைத் தொட்டுப் பார்த்து, முப்பதுக்கு மேல் என்றான். ஆறு இருபத்தேழைத் தாண்டவில்லையே, அப்புறம் அங்கே ஏது தண்ணீர் என்றார் டாக்டர். அந்தப் பையன் மறுபடி திரையைத் தொட்டுப் பார்த்தான்.

ஓவீதியோ மோட்டாரை விட்டு எழுந்தான். எட்டி அந்தத் திரையைப் பிடுங்கி ஆற்றில் வீசினான். "இப்ப எங்க இருக்கோம்னு யாருக்கும் தெரியாது. குனிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டு மோட்டாரை முடுக்கினான்.

அவர்கள் போனபோது வீட்டின் தெருப்பக்கச் சுவர் இல்லை. மேடையின் பலகைகள் மிதந்து கொல்லை வேலியில் சிக்கியிருந்தன. ஃபெர்மீனை மறுநாள் மேய்ச்சல் வெளியில், ஜனவரிக்கு ஜனவரி பரண் நிற்கும் வட்டத்துக்கு நடுவில் கண்டெடுத்தார்கள். நெஃப்தாலி அவனைக் கட்டிக்கொண்டு, சேற்றில் உட்கார்ந்து அழுதான். தான் படகு தேடப் போயிருக்கவே கூடாது, கூடவே இருந்திருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

இறப்பைப் பதிய நகராட்சிக்குப் போனான். மூழ்கிச் சாவு என்று குமாஸ்தா தட்டினான், கணினி ஏற்கவில்லை. சடலம் கிடந்த இடத்தின் உயரத்தை அது ஆணையத்தின் வரைபடத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளுமாம். அந்த உயரத்தில் மூழ்க முடியாது. இடி, பாம்பு, தவறி விழுதல், இவற்றில் ஒன்றைத்தான் அது கேட்டது. குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டு, தவறி விழுதல் என்று போட்டான். இருபத்திரண்டு வயதுக்குப் பிறகு ஒரு அடி எடுத்து வைக்காதவன் மலையேறித் தவறி விழுந்தான் என்று அரசாங்க முத்திரையோடு ஆகிவிட்டது. வெள்ளத்தில் உயிரிழப்பு இல்லை என்று ஆணையம் அறிக்கை விட்டது.

தண்ணீர் வடிந்ததும் டாக்டர் பெராஸ்தேகி புத்தம்புது ரப்பர் காலணியோடு துக்கம் விசாரிக்க வந்தார்.

"மலைப் பகுதி ஜனங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். "பக்கத்துலயே இருக்கறதால உங்களுக்கு உயரத்தோட அருமை தெரியறதில்ல."

நெஃப்தாலி சத்தம் போடவில்லை. "எங்க இருந்து விழுந்தாருன்னு காட்டுங்க டாக்டர்" என்றான். "உயிர் போன இடத்துல சிலுவை வைக்கறது எங்க வழக்கம்."

டாக்டர் திரையைப் பார்த்தார். மேய்ச்சல் வெளியின் நடுவுக்கு நடந்து போய் நின்று, அண்ணாந்து, வெறும் ஆகாசத்தில் ஒரு இடத்தைச் சுட்டினார். "சுமார் அங்க" என்றார். நெஃப்தாலி அவர் விரல் போன திசையில் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த ஜனவரியில் காளைப் பரண் எழும்பியது. மேல் தட்டின் தகரத்துக்கும் மேலே, டாக்டர் காட்டிய உயரத்தில், நெஃப்தாலி ஏறி ஒரு வெள்ளைச் சிலுவையைக் கட்டினான். அண்ணன் கிடந்த மேடையின் பலகையில் செய்த சிலுவை. அந்த வாரம் ஆகாசம் பளிச்சென்றிருந்தது. ஆணையத்தின் விமானம் மறுபடி ஊர் மேல் பறந்து அளந்துகொண்டு போனது. மார்ச்சில் புதிய வரைபடம் வந்தது. சான் கொர்னேலியோ மலை 34.92 ஆகியிருந்தது. மலை இயற்கையாகவே வளர்ந்துவருவதால் பக்ரே வாய் உடைப்பை அடைக்கும் கோரிக்கை நிரந்தரமாக முடிக்கப்பட்டதாகவும் அறிவிப்பு வந்தது.

அன்று சாயங்காலம் லாட்டரிக்காரனைத் தேடி ஆட்கள் வந்தார்கள். பழக்கம் யாரை விட்டது? முதலில் வந்தவர் சார்ஜென்ட். கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்டார். "தம்பி, 3492ல ஒண்ணு எழுது."

நெஃப்தாலி சீட்டுக் கட்டைப் பையில் வைத்தான். "அந்த நம்பர் வித்துப்போச்சு" என்றான்.

அந்தச் சீட்டில் எந்த எண்ணும் விற்றுத் தீராது. ஒரே எண்ணை ஊரே கட்டலாம். அது சார்ஜென்ட்டுக்கும் தெரியும், பின்னால் நின்றவர்களுக்கும் தெரியும். ஒருவர் பின் ஒருவராக வேறு எண்களைச் சொன்னார்கள்.